புல்வெளியை உடைக்க எருதா, குதிரையா, கோவேறு கழுதையா?

1862ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்ற நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிர் செய்து காட்டினால் பட்டா கைக்கு வரும். நிலத்துக்கு விலை கிடையாது, பதிவுக் கட்டணம் மட்டும்தான். அந்த நிலத்தை உழுவதற்கு எதை வாங்கிப் பூட்டுவது என்பதுதான் குடும்பத்தின் முதல் பெரிய செலவு. கையிருப்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு முடிவிலேயே போய்விடும்.

"குதிரைகள் நிறைந்த நாட்டில் மாடு பூட்டியா உழுதார்கள்?" என்று கேட்பவர்கள் பலர். "கோவேறு கழுதைதான் மூன்றிலும் உழைப்பாளி என்றால் ஏன் எல்லோரும் அதையே வாங்கவில்லை?" என்பது அடுத்த கேள்வி. அந்தக் காலத்தைக் களமாக வைத்துக் கதை எழுதுகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 1870களின் கான்சஸ், நெப்ராஸ்கா நிலத்தில் புதிதாக வந்து இறங்கிய ஒரு குடும்பத்தின் நிலையில் நின்று மூன்றையும் எடை போடுவோம்.

முதலில் அந்த மண்

அங்கே உழவு என்றால் நாம் நினைக்கும் உழவு அல்ல. ஆளுயரம் வளரும் நீலத்தண்டுப் புல்லின் வேர் ஏழு அடிக்கும் கீழே இறங்கும். மேல் மூன்று நான்கு அங்குலமும் வேர்கள் பின்னிப் பின்னி ஒரே பாயாகக் கிடக்கும். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பானி மக்கள் காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த களைக்கொட்டால் மக்காச்சோளம் பயிரிட்டவர்கள். அவர்கள் பயிரிட்டது ஆற்றங்கரையின் இளகிய வண்டலில். மேட்டுப் புல்தரையை அவர்கள் கிளறவில்லை. அவர்களை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றிவிட்டு வந்த குடியேறிகளுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி இந்த மேட்டு நிலம்தான்.

இதை உடைக்கத் தனிக் கலப்பை உண்டு. கொழுவுக்கு முன்னால் வேரை அறுத்துக்கொண்டே போகும் கத்தி ஒன்று. அறுத்த புல்பாளத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போடும் நீண்ட இறக்கை ஒன்று. வார்ப்பிரும்புக் கலப்பையில் இந்தக் கரிய மண் அப்பிக்கொள்ளும். ஜான் டியர் 1837ல் இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டிடூர் ஊரில் பளபளப்பாகத் தேய்த்த எஃகில் கலப்பை செய்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் இழுவிசை குறையவில்லை.

ஆழம் 2 முதல் 3 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் புல்பாளம் மட்கத் தாமதமாகும், இழுக்கிற விலங்கும் களைத்துவிடும். காலம் மே நடுவிலிருந்து ஜூன் முடிவு வரை. புல் முழு வேகத்தில் வளரும்போது வேர் அறுந்தால்தான் சாகும். முன்னதாகவோ பின்னதாகவோ உழுதால் மறுபடி தளிர்க்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அதே உழவுத் தடத்தை ஒன்றிரண்டு அங்குலம் கூடுதல் ஆழத்தில் மறுபடி புரட்ட வேண்டும். ஆக, முதல் உழவுக்கு ஆண்டில் ஆறு ஏழு வாரம்தான் கிடைக்கும்.

14 அங்குல அகலச் சால் போட்டால் ஓர் ஏக்கருக்கு 7 மைல் நடக்க வேண்டும். முதல் ஆண்டு 15 ஏக்கர் உடைக்க நினைத்தால் 100 மைலுக்கு மேல், ஒவ்வோர் அடியும் வேரை அறுத்தபடி. ஏக்கருக்கு ஏக்கர் கொழுவை அரம் கொண்டு தீட்ட வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை கொல்லனிடம் கொண்டுபோய்த் தட்டி வாங்க வேண்டும். மாற்றுக் கொழு ஒன்று கையில் இல்லாதவன் அந்த நாள்களை இழந்தான்.

எதை வைத்து எடை போடுவது

சந்தை விலை கண்ணுக்குத் தெரியும் கணக்கு. அதைவிடப் பெரியது தீவனம்: முதல் ஆண்டில் சொந்தமாகத் தானியம் இருக்காது என்பதை மறக்கக் கூடாது. மூன்றாவது, வேகம் அல்ல, நிதானமான இழுவிசை. நான்காவது, உழவு முடிந்த பிறகு அறுவடை இயந்திரங்களுக்கு அந்த விலங்கு ஒத்துவருமா என்பது. பிறகு நோய், திருட்டு, ஓடிப்போதல். கடைசியாக, வேலை ஓய்ந்த விலங்கு என்ன விலைக்குப் போகும் என்பது. பலர் இந்தக் கடைசியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றுக்கும் மிகப் பெரிய வேறுபாடு இருப்பது இதில்தான்.

எருது

காயடித்துப் பழக்கிய, நான்கு வயது நிரம்பிய காளைதான் அங்கே எருது. குறுங்கொம்பு டர்ஹாம் வகை எங்கும் கிடைத்தது. சுறுசுறுப்பாக நடக்கும் சிவப்பு டெவன் வகைக்குத் தனி மதிப்பு. இந்த இனங்களுக்குத் திமில் கிடையாது. அதனால் நம் ஊர் நுகத்தடியைப் போலத் தடி திமிலில் முட்டி நிற்க வழியில்லை. நுகத்தின் அடியில் கழுத்தைச் சுற்றி 'ப' போல வளைந்த மரவளையம் ஒன்றைக் கீழிருந்து மேலாகச் செருகி முளையடித்து நிறுத்தினார்கள். நுகத்துக்கு இலேசான மரம். வளையத்துக்கு நீராவியில் வளைத்த ஹிக்கரி மரம். கோடரியும் உளியும் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கடிவாளம் இல்லை, தோல்வார் இல்லை. ஓட்டுபவர் இடப்பக்கம் கூடவே நடந்து 'ஜீ' என்றால் வலம், 'ஹா' என்றால் இடம், 'வோ' என்றால் நில்.

எருதின் பெரும் பலம் அதன் வயிறு. அசைபோடும் விலங்கு அது. சில மணி நேரம் மேயவிட்டால் வயிற்றை நிரப்பிக்கொண்டு படுத்து அசைபோட்டே சத்தெடுத்துவிடும். குதிரையின் இரைப்பை சிறியது. புல்லை மட்டும் நம்பினால் அது நாளெல்லாம் மேய வேண்டும், நாளெல்லாம் மேய்ந்தால் உழ நேரமில்லை. எருதுக்கான தீவனம் அது நிற்கும் நிலத்திலேயே இலவசமாக வளர்கிறது. முதல் ஆண்டுக் குடும்பத்துக்கு இதற்கு ஈடான சலுகை வேறில்லை.

இழுவையிலும் அதன் குணம் இந்த வேலைக்கே பொருந்தியது. கலப்பை தடித்த வேரில் சிக்கினால் எருது நுகத்தில் சாய்ந்து மெல்ல மெல்ல அழுத்தும். குதிரை வெடுக்கென்று இழுக்கும். அந்த வேகத்தில் ஏர்க்கால் முறியும், வார் அறும். 12 அல்லது 14 அங்குலக் கலப்பைக்கு இரண்டு ஜோடி எருது இருந்தால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஏக்கர் முடியும். கூலிக்கு உழுதவர்களின் 20 அங்குலத்துக்கு மேற்பட்ட பெருங்கலப்பைக்கு மூன்று முதல் ஆறு ஜோடி வரை பூட்டினார்கள்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. வெயில் முதலாவது. எருதுக்கு வியர்வை குறைவு. நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கத் தொடங்கிவிட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். விடியலில் பூட்டி முற்பகலில் அவிழ்த்து, மாலையில் மறுபடி பூட்டுவதுதான் முறை. தாகம் மிஞ்சினால் தண்ணீர் வாடை பிடித்துக் கலப்பையோடு சதுப்புக்குள் இறங்கிவிடும். குரலைத் தவிரப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மழையில் நனைந்த கழுத்தில் நுகம் உரசினால் புண்ணாகும்.

லாடம் இன்னொரு வில்லங்கம். குளம்பு பிளவுபட்டது என்பதால் காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு லாடம். மூன்று காலில் நிற்க அதற்கு வராது. சட்டத்தில் பட்டை கட்டித் தூக்கியோ, கீழே தள்ளிக் கட்டியோதான் அடிக்க வேண்டும். நல்லவேளையாகப் புல்தரையில் லாடமே தேவையில்லை. சரளைப் பாதையிலும் பனிக்கட்டியிலும் வண்டி இழுத்தால்தான் தேவை. குளிர்காலத்துக்குத் தலைக்குச் சுமார் 2 டன் வைக்கோல்புல் அறுத்து அடுக்க வேண்டும். அது பணச்செலவு அல்ல, ஆனால் கோடையில் பல நாள் உழைப்பு.

டெக்சாஸ் மாட்டு மந்தைகள் வடக்கே நடந்துவரும் பாதைக்கு அருகில் நிலம் என்றால் எருது வாங்குவது சூது. அந்த மந்தை தனக்கு நோயின் அறிகுறியே இல்லாமல் கடந்துபோகும். அதன் தடத்தில் மேய்ந்த உள்ளூர் மாடுகள் சில வாரத்தில் டெக்சாஸ் காய்ச்சல் கண்டு சாகும். உண்ணிதான் காரணம் என்பது 1893ல் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற ஆய்வாளர்கள் நிறுவும்வரை உறுதியாகத் தெரியாது. ஆனால் ஆபத்து வரும் திசை குடியானவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் கான்சஸ் அந்த மந்தைகளுக்கு எல்லைக்கோடு போட்டது.

குதிரை

விலையில் தொடங்குவோம். ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், உழவுக்கு ஏற்ற ஒரு ஜோடிக் குதிரையின் விலையில் இரண்டு ஜோடி எருது வாங்கலாம் என்பது பொதுவான நிலவரம். அதற்கு மேல் சேணம். கழுத்துப்பட்டை, வார்கள், கடிவாளம், குறுக்குத்தடிகள் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. வீட்டில் செய்ய முடிந்தவை அந்தத் தடிகள் மட்டும்தான்.

தீவனக் கணக்குதான் குடும்பத்தை உலுக்குவது. வேலை நாளில் ஒரு குதிரைக்கு 12 பவுண்டு ஓட்ஸ், கூடவே காய்ந்த புல். இரண்டு குதிரை, 100 வேலை நாள் என்றால் 2,400 பவுண்டு. புஷலுக்கு 32 பவுண்டு வீதம் 75 புஷல். நன்கு விளைந்த நிலத்தில் ஏக்கருக்கு 30 புஷல் என்று வைத்தால் இரண்டரை ஏக்கர் குதிரைக்கே போகிறது. அதுகூடப் பரவாயில்லை. முதல் ஆண்டு உடைத்த புல்பாளத்தில் கோடரியால் கீறல் போட்டு மக்காச்சோளம் ஊன்றினால் கிடைப்பது கொஞ்சம் விளைச்சல், ஓட்ஸ் விளையாது. அந்த 75 புஷலை ரொக்கம் கொடுத்து வாங்கி, ரயில் நிலையத்திலிருந்து ஏற்றி வர வேண்டும். தானியம் கொடுக்காமல் உழுதால் ஜூன் மாதத்துக்குள் விலாவெலும்பு தெரியும்.

கழுத்துப் புண் இதன் தொடர்ச்சி. வசந்தத்தில் கொழுத்திருக்கும் கழுத்துக்கு அளவெடுத்த பட்டை, உழைப்பில் உடம்பு வற்றியதும் தளர்ந்து தோளை அரைக்கும். தொண்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி சரி. அதற்கு மேல் தளர்ந்தால் உள்ளே மெத்தை வைக்க வேண்டும். மாலையில் உப்புநீரால் தோளைக் கழுவினால் தோல் இறுகும். புண்ணான பிறகு ஆறவிட வாரக்கணக்கில் நிறுத்த நேரும், அதுவும் உழவுக்கான அந்த ஆறு வாரத்துக்குள்.

நோய்க்கு 1872ஐச் சொன்னாலே போதும். டொரான்டோ அருகே இலையுதிர் காலத்தில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் சில மாதங்களில் நாடு முழுவதும் பரவியது. இறந்தவை குறைவு, நிற்க முடியாமல் படுத்தவை ஏராளம். அந்த நவம்பரில் பாஸ்டன் எரிந்தபோது தீயணைப்பு வண்டிகளை ஆட்கள் கையால் இழுத்தார்கள். நகரங்களில் பாரவண்டிகளுக்கு எருது பூட்டினார்கள், அதற்கு அந்தக் காய்ச்சல் வராது. திருட்டும் குதிரையைத்தான் தேடி வரும். இரவில் அவிழ்த்துக்கொண்டு காலைக்குள் மாவட்டம் தாண்டிவிடலாம்; எருதை ஓட்டிக்கொண்டு யாரும் தப்ப முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசியில் குதிரைதான் வென்றது. காரணம் இயந்திரம். புல் வெட்டும் இயந்திரத்துக்கும் மெக்கார்மிக் வகை அறுவடை இயந்திரத்துக்கும் தனி எஞ்சின் இல்லை. தரையில் உருளும் சக்கரமே பல்சக்கரங்கள் வழியாக வெட்டும் கத்தியை ஆட்டுகிறது. அந்தப் பற்கணக்கு குதிரையின் நடைக்கு, அதாவது மணிக்கு இரண்டரை மைலுக்கு மேல் என்று அமைக்கப்பட்டது. எருதின் இரண்டு மைல் நடையில் கத்தி மந்தமாக ஆடும், தண்டு அறுபடாமல் மடங்கிச் சிக்கும். மக்காச்சோள வரிசைக்கு இருபுறமும் நடந்து களை கிளறும் கருவிக்கும் கடிவாளத்தால் அங்குலம் பிசகாமல் திருப்பக்கூடிய ஜோடி வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இதைச் சொல்கிறது. 1860ல் நாட்டில் வேலை எருதுகள் சுமார் 22 லட்சம். 1880ல் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதே காலத்தில் குதிரைகள் 62 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல் உயர்ந்தன.

பெட்டைக் குதிரை வாங்கினால் இன்னொரு ஆதாயம்: பதினொரு மாதத்தில் குட்டி. கனத்த பெர்ச்சரான் பொலிக்குதிரை அக்கம்பக்கத்தில் இருந்தால் தாயைவிடப் பெரிய குட்டி கிடைக்கும். மூன்று வயதில் அது வேலைக்கு வரும். என் கணிப்பில், குதிரை வாங்கத் துணிந்தவர் ஆண் குதிரை வாங்குவது பணத்தை ஒரு வழியில் மட்டும் செலவிடுவது.

கோவேறு கழுதை

ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது. ஸ்பெயின் மன்னர் 1785ல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அனுப்பிய ஆண் கழுதைக்குப் பிறகுதான் அமெரிக்காவில் இதன் வளர்ப்புக்கு மதிப்புக் கூடியது. பின்னாளில் மிசௌரி மாநிலம் இதன் சந்தையானது.

குதிரைக்கு இருக்கும் பல குறைகள் இதற்கு இல்லை. தானிய மூட்டை அவிழ்ந்து கிடந்தாலும் வயிறு வெடிக்கத் தின்னாது. சூடேறிய உடம்போடு மூச்சு முட்டத் தண்ணீர் குடிக்காது. வெயில் தாங்கும், தோல் தடித்தது, குளம்பு சிறியது, கடினமானது. அதே எடைக் குதிரையைவிடக் குறைவாகத் தின்று, அதைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும்.

விலைதான் தடை. 1859ல் பயணிகளுக்கு அறிவுரை எழுதிய ராணுவ கேப்டன் ராண்டால்ஃப் மார்சியின் கணக்கில் ஆறு கோவேறு கழுதை கொண்ட பூட்டுக்கு 600 டாலர், எட்டு எருது கொண்டதற்கு 200 டாலர். தலைக்கு நான்கு மடங்கு. உறுதியான தரையில் ஆயிரம் மைலுக்குள் வேகமாகப் போகக் கோவேறு கழுதை, அதைவிட நீண்ட வழிக்கும் மணலுக்கும் சேற்றுக்கும் எருது என்பது அவர் தீர்ப்பு. உழவுக்கும் இது பொருந்தும்: ஈரமான தாழ்நிலத்தில் அந்தச் சிறிய குளம்பு புதையும்.

இது குட்டி போடாது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒன்று செத்தால் மறுபடி சந்தைக்குத்தான் போக வேண்டும். தன்னை வதைப்பவரை மறக்காது. பழக்கத் தெரியாத கைக்கு உதை நிச்சயம். முதன்முதலாக விலங்கு பூட்டும் குடும்பம் இதைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரே பார்வையில்

| | எருது | குதிரை | கோவேறு கழுதை |
|---|---|---|---|
| வாங்கும் விலை | குறைவு | சுமார் இரு மடங்கு | பெரும்பாலும் மிக அதிகம் |
| பூட்டும் கருவி | நுகம், வீட்டிலேயே செய்யலாம் | தோல் சேணம், வாங்க வேண்டும் | அதே, அளவு சிறியது |
| வேலைக்காலத் தீவனம் | புல்லே போதும் | புல்லோடு நாளுக்கு 12 பவுண்டு ஓட்ஸ் | தானியம் வேண்டும், சற்றுக் குறைவாக |
| நடை | மணிக்கு 2 மைல் | இரண்டரை முதல் 3 மைல் | குதிரையை ஒட்டியது |
| கன்னி நிலம் உடைக்க | மிகச் சிறந்தது | கனத்த உடம்பு இருந்தால் நன்று | காய்ந்த தரையில் நன்று |
| அறுவடை இயந்திரம் | ஒத்துவராது | இதற்கே அமைத்தது | ஒத்துவரும் |
| பெரிய ஆபத்து | வெயில், டெக்சாஸ் காய்ச்சல் | கழுத்துப் புண், வயிற்றுவலி, திருட்டு | சேறு, முரட்டுக் கை |
| வேலை ஓய்ந்த பிறகு | இறைச்சி விலை | ஏறக்குறைய ஒன்றுமில்லை | ஏறக்குறைய ஒன்றுமில்லை |

எதையும் வாங்காமல் இருப்பது

நான்காவது வழி ஒன்றும் உண்டு. பெருங்கலப்பையும் பல ஜோடி எருதும் வைத்துக் கூலிக்குப் புல்வெளி உடைத்தவர்கள் இருந்தார்கள். கூலி ஏக்கருக்கு 2 முதல் 5 டாலர் வரை இருந்தது. 15 ஏக்கருக்கு 3 டாலர் வீதம் 45 டாலர்; குளிர்காலத் தீவனமும் இல்லை, சாவும் இல்லை. தனி ஆளாக வந்து, மற்ற மாதங்களில் ரயில் பாதையில் கூலி வேலை செய்பவருக்கு இதுதான் சரி. இதன் மறைசெலவு காத்திருப்பு: கூலிக்காரர் உங்கள் வயலுக்கு வருவதற்குள் ஜூன் முடிந்துவிட்டால் புல் சாகாது. மேலும் வண்டி இழுக்க, விறகு கொண்டுவர, ஆலைக்குப் போக ஒவ்வொரு முறையும் இரவல் கேட்க வேண்டும். பதிலுக்குப் பக்கத்து வயலில் இரண்டு நாள் உழைப்பு.

மிகவும் வறிய குடும்பங்கள் பால்மாட்டையே எருதோடு நுகத்தில் பூட்டின. முடியும், பால் குறையும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை உழவின் ஆறு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது.

யாருக்கு எது

கையில் 300 டாலருக்குள், ரயில் நிலையம் ஒரு நாள் பயணத் தொலைவில், 160 ஏக்கரும் உடைபடாதது: எருது, தயங்கவே வேண்டாம். ஒரு ஜோடி வாங்கி, பக்கத்து வீட்டு ஜோடியோடு சேர்த்து முறைவைத்து இரு வயலையும் உடைப்பது சிறந்த ஏற்பாடு.

முன்பே ஒருவர் உடைத்துப் பயிரிட்ட நிலத்தை விலைக்கு வாங்கியிருந்தால், கோதுமை விதைத்து அறுவடை இயந்திரம் தவணையில் எடுக்கும் எண்ணம் இருந்தால்: பெட்டைக் குதிரை ஜோடி. ஆனால் குதிரையையே ஈடாக வைத்துக் கடன் வாங்கக் கூடாது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் கடன்காரர் முதலில் ஓட்டிக்கொண்டு போவது அந்த ஜோடியைத்தான். பிறகு அடுத்த விளைச்சலுக்கு உழ எதுவும் இருக்காது. 1874ல் வெட்டுக்கிளி இறங்கிக் கான்சஸ், நெப்ராஸ்கா வயல்களை மொட்டையாக்கிய ஆண்டைப் போல ஒன்று வந்தால் இந்தக் கணக்கு ஒரே வாரத்தில் புரளும்.

தெற்குக் கான்சஸின் வெயிலும் காய்ந்த தரையும், கூடவே வாடகைக்குப் பாரவண்டி ஓட்டும் தொழிலும் இருந்தால் கோவேறு கழுதை போட்ட பணத்தை எடுத்துத் தரும். விலங்கு பழக்கத் தெரிந்த கை ஒன்று குடும்பத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எருதில் தொடங்கியவர் குதிரைக்கு மாற ஏற்ற பருவம் மூன்றாவது அல்லது நான்காவது இலையுதிர் காலம். அதற்குள் 40 ஏக்கர் அளவில் உடைந்திருக்கும், ஓட்ஸ் சொந்தமாக விளைந்திருக்கும். ஆகஸ்டில் இரண்டாம் புரட்டல் முடிந்ததும் எருதுகளை நுகத்திலிருந்து விடுவித்து நல்ல புல்லில் ஆறு வாரம் கொழுக்கவிட வேண்டும். கிடைத்தால் பிஞ்சு மக்காச்சோளமும் போடலாம். உறைபனி விழுந்து புல்லின் சத்துக் குறையத் தொடங்குமுன், அக்டோபரில், எடைக்கு விற்றுவிட வேண்டும். 1,500 பவுண்டு எடையுள்ள இரண்டு எருதின் இறைச்சி விலை பெரும்பாலும் அவற்றை வாங்கிய விலைக்குக் குறையாது. தள்ளிப்போட்டால் இரண்டுக்குமாக 4 டன் புல் செலவாகும், வசந்தத்தில் மெலிந்த மாட்டுக்கு விலையும் கிடைக்காது. வந்த பணத்தை முதலில் பெட்டைக் குதிரை ஒன்றில் போட்டு, இரண்டாவதை மார்ச் மாதச் சந்தையில் அதன் நடைக்கும் உயரத்துக்கும் பொருத்தமாகத் தேடலாம். பொருந்தாத ஜோடியில் வேகமாக நடப்பதே முழுப் பாரத்தையும் இழுத்து முதலில் தோள் புண்ணாகும்.